சிவப்புப் பூவா, வெள்ளைப் பூவா

"மூன்றில் ஒன்றைச் சொல், சில்வஸ்டர். ஒன்று மட்டும்."

துரைசாணி இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பங்களாத் தோட்டக்காரன் சில்வஸ்டர் மூன்று காகிதப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான்.

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம் அது. சீமையிலிருந்து ஒரு பார்சல் கப்பலேறி, ரயிலேறி, மலையேறி வந்து சேர ஒரு மாதம் பிடிக்கும். அது வந்து சேரும் நாள் பங்களாவில் பண்டிகைதான். அப்படிக் காத்திருந்து ஒரு பெட்டியைப் பிரிக்கும் சுகம் இப்போது யாருக்குக் கிடைக்கிறது?

இந்த முறை வந்தது ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே கொடி பீன்ஸ் விதை. துரைசாணியின் அப்பா போன குளிர்காலத்தில் இறந்துபோனார். கடைசியாக அவர் கையால் எடுத்து, பேர் எழுதி, அரக்கு வைத்து ஒட்டிய பொட்டலங்கள் அவை. பூச்சி அரிக்கக் கூடாதென்று அவளுடைய அம்மா டப்பாவில் கை நிறைய அந்துருண்டையும் போட்டு அனுப்பியிருந்தாள்.

துரைசாணி முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவள். அச்சடித்த மாதிரிதான் பேசுவாள்.

"இது சிவப்புப் பூ. இது வெள்ளைப் பூ. இது இரண்டும் கலந்த பூ. எங்கள் வீட்டுப் பின்வாசலில் அப்பா மூன்றையும் வளர்த்தார். அந்தக் கொடிகளுக்குள்தான் நான் ஒளிந்து விளையாடுவேன்" என்றபோது அவள் கண் கலங்கியது. "இங்கே வேலியோரம் ஒரு வரிசைக்குத்தான் இடம். எதை விடுவது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ சொல்."

மீதி இடமெல்லாம் துரையின் ரோஜா. ரோஜாவில் கை வைத்தால் வேலை போய்விடும்.

சில்வஸ்டருக்கும் சொல்ல முடியவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் விதை பூசணம் பூத்துவிடுமே என்று பொட்டலங்களைச் சமையலறை அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

இரண்டு நாள் மழை விடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

"நெல்சன் தம்பி, இன்னிக்குக் குழம்பு பிரமாதமப்பா! பீன்ஸு வெண்ணெயாட்டம் கரையுது. இன்னொரு கரண்டி ஊத்து" என்றான் சில்வஸ்டர்.

"ஊத்தறனுங்ணா, நல்லாச் சாப்பிடுங்க" என்றான் சமையற்காரன் நெல்சன்.

மூன்றாவது கரண்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் சில்வஸ்டர் அடுப்படியில் பாதி கருகிக் கிடந்த காகிதத்தைப் பார்த்தான். அதில் இங்கிலீஷ் எழுத்து, ஓரத்தில் உருகிய அரக்கு. மேலே பலகை காலி.

அப்படியானால் தின்றது அந்த விதையைத்தான்! நெல்சனிடம் வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. அவனிடம் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் மூன்று எஸ்டேட்டுக்குத் தெரிந்துவிடும். சில்வஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு கடைவீதிக்கு ஓடினான்.

"பாய், சீமை பீன்ஸு விதை இருக்குதுங்களா?"

ரஹ்மத்துல்லா பாய் கடையில் மண்ணெண்ணெயும் கருவாடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவர் மூலையிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார்.

"உங்க அதிர்ஷ்டம், நேத்துதான் வந்துச்சு. இந்த மினுமினுப்பை எங்கியாவது பாத்திருக்கீங்களா?"

"என்னமோ வாடை அடிக்குதுங்களே?"

"என் கடையில எதுதான் வாடை அடிக்கல? வேணும்னா எடுங்க, இல்லேன்னா வைங்க."

மறுநாள் துரைசாணி கேட்டாள். "முடிவு செய்தாயா?"

"சிவப்புங்க" என்றான் சில்வஸ்டர். எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

"மற்ற இரண்டும்?"

"பத்திரமா இருக்குதுங்க." வயிற்றில் என்று சேர்த்துக்கொள்ளவில்லை.

விதை முளைத்தது. கம்பு நட்டான், கொடி ஏற்றினான், பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தான். ஆடி மாதத்தில் ஒரு காலை வேலிக்குப் போனவனுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு கொடியில் சிவப்பு. அடுத்ததில் வெள்ளை. அதற்கடுத்ததில் இரண்டும்.

அன்றிலிருந்து விடியும் முன்பே பனியில் நடுங்கிக்கொண்டு வருவான். சிவப்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளித் தலைப்பாகைக்குள் போட்டுக்கொள்வான். பூவைக் குப்பையில் எறிய மனம் வராது. வீட்டில் மனைவி ஜெஸிந்தாவிடம் கொடுத்துவிடுவான்.

"ஏனுங்க, கண்ணாலம் ஆயிப் பன்னெண்டு வருசத்துல ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப என்ன திடீர்னு?" என்று அவள் வெட்கப்பட்டாள்.

"ஊட்டுலயே வச்சுக்க. வெளிய வச்சுக்கிட்டுப் போவாத" என்றான். கட்டிய புருஷன் முதல்முதலாகக் கொடுத்த பூவை எந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள்? பங்களாவில் துணி தேய்க்கப் போகிறவள், கொண்டை நிறையச் சூடிக்கொண்டே போனாள்.

அரை மணியில் துரைசாணி தோட்டத்துக்கு ஓடி வந்தாள். பின்னால் ஜெஸிந்தா வந்தாள். வேடிக்கை பார்க்க நெல்சனும் தேநீர்த் தட்டோடு வந்தான்.

"இந்தப் பூ எங்கே கிடைத்தது, சில்வஸ்டர்?"

சில்வஸ்டர் தலைப்பாகையை அவிழ்த்தான். அன்று கிள்ளிய பூக்கள் உதிர்ந்தன.

துரைசாணி குனிந்து ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். பிறகு வேலியைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்தாள்.

"மூன்றையும் விதைத்தாயா? உனக்கும் எதையும் விட மனம் வரவில்லையா? இன்றே அம்மாவுக்கு எழுதுகிறேன். அப்பாவின் பின்வாசல் இங்கே பூத்திருக்கிறது என்று எழுதுகிறேன்."

அவன் தப்பித்துவிட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் செத்துப்போன மனிதரின் பேரில் ஒரு தாயாருக்குப் பொய்க் கடுதாசி கப்பலேறுவதை நினைத்தபோது அவனால் தாங்க முடியவில்லை. தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தான்.

"எழுதாதீங்க துரைசாணியம்மா! நா உங்கப்பாரைத் தின்னுட்டனுங்க!"

"என்ன?"

"பொட்டலத்தை அடுப்புப் பலகை மேல வச்சனுங்க. குழம்பாயிருச்சுங்க. மூணு கரண்டி தின்னனுங்க. இது கடைவீதியில ரஹ்மத்துல்லா பாய்கிட்ட வாங்கினதுங்க!"

துரைசாணியின் முகம் வெளிறிப்போயிற்று. பொறுக்கிய பூக்கள் கையிலிருந்து நழுவின. இங்கே ஒன்றுமில்லை, அங்கேயும் இனி ஒன்றுமில்லை என்பது போல் வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜெஸிந்தா மெல்லக் கொண்டையிலிருந்து பூவை எடுத்தாள்.

நெல்சனுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. தட்டை நங்கென்று கீழே வைத்தான்.

"ஏனுங்ணா, அந்துருண்டை நாத்தம் அடிக்கற பீன்ஸை எவனாச்சும் குழம்பு வைப்பானா? மூணு பொட்டலத்தையும் ஒண்ணாக் கொட்டி, ரஹ்மத்துல்லா பாய் தலையில கட்டிப்போட்டு, வேற நல்ல பீன்ஸு மாத்திட்டு வந்துதானுங்க உங்களுக்குச் சமைச்சேன்!"