நீளச் சன்னல் வைத்த பட்டுப்பூச்சி

மனைவி நேலிடாவுக்குத் தானாகப் போன் செய்வதில்லை என்று எவாரிஸ்தோ சபதம் போட்டிருந்தார். கால் முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் ரொசாரியோ நகரத்துக்குக் கிளம்பியபோது, "எத்தனை நாள் வேணாலும் இரு, நீ இல்லாதது எனக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்று வீராப்புப் பேசியவர் அவர்தான். இப்போது ஒற்றை ஆளாக உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீட்டில் எங்கே திரும்பினாலும் அவள் இல்லை.

அவள் வர வேண்டும். ஆனால் வா என்று இவர் சொல்லக் கூடாது. வழி, இருவரும் பட்டுப்புழு வளர்க்கும் கூண்டுக்குள் கிடைத்தது. தெரு மரத்திலிருந்து நேலிடா எடுத்துவந்த புழுக்கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு பட்டுப்பூச்சி வெளிவந்திருந்தது. சிறகில் சன்னல் வைத்ததுபோல, கண்ணாடியாக ஒளி ஊடுருவும் நாலு இடங்கள். அவை முக்கோணமானால் உள்ளூர் இனம். நீளமானால் வடக்கு மலைக்காட்டு இனம். அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஏக்கம்.

கூண்டில் இருந்தது அப்பட்டமான முக்கோணம். ஏக்கத்துக்குப் போன் செய்வதில்லை என்றுதானே சபதம், பூச்சிக்கு இல்லையே.

"சன்னல் நீளமா இருக்கு, கிழவி."

"நல்லாப் பாத்தியா?"

"இத்தனை வருஷம் உன்கூடப் புழு வளத்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

"கூண்டைத் திறக்காதே. வர்றேன்."

மறுநாள் மதிய பஸ்ஸில் மூன்று அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினாள். சவரம் செய்து சட்டை மாற்றி நின்றவரைத் தாண்டி நேரே கூண்டுக்குப் போனாள்.

"முக்கோணம்."

"நேத்து நீளமாத்தான் இருந்துச்சு."

அவள் கோபப்படவில்லை. பெட்டிகளைத் திறந்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று புழுக்கள். தங்கை தெருவில் மரங்களை மொட்டையடித்துவிட்டார்களாம், தழைக்கு வழியில்லையாம்.

"புழு வளக்கிறதுல நீதான் பெரிய ஆளாச்சே, போன்லயே சொன்னியே."

காலையில் புதுத் தழை, பிறகு புழுக்கை அள்ளுவது, சாயங்காலம் தவறாமல் போன். உத்தரவுகளை அடுக்கிவிட்டு, தங்கை இன்னும் ஊன்றுகோலில்தான் நடக்கிறாள் என்று அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

"என் பொய்யை நம்பியா வந்த?" என்று பஸ் படியருகே கேட்டார்.

"நம்ம தெருக் கூட்டுலருந்து வடக்கத்திப் பூச்சி எப்படி வரும்? வான்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன்."

அந்த வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. பஸ் நிற்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். எந்தப் பெட்டிப் புழு எவ்வளவு தின்றது, எது தோலுரித்தது, எது சுணங்கிக் கிடக்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

நேலிடா முழுக்கக் கேட்டாள்.

"புழுவை யாரு கேட்டா, கிழவா?" என்றாள்.