கப்பல், கோட்டை, ஒரே ஒரு மீன்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் நாலாவது தடவையாக எட்ட நின்று பார்த்தார். சந்தேகமே இல்லை, மீன் தொட்டி ஒரு பக்கமாக இழுத்தது. இடது மூலையில் உடைந்த கப்பல் பொம்மை. வலது பக்கம் வெறும் தண்ணீர்.

"துணைக்கு இருக்கட்டும்ப்பா" என்று மகள் தொட்டியையும் ஒரு தங்கமீனையும் ஒரு பெட்டி நிறைய அலங்காரச் சாமான்களையும் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவர் மீனிடம் பேசுவதுதான்.

மகள் சொல்லச் சொல்ல எழுதிவைத்த, தொட்டி வாங்கிய கடை நம்பரை அழுத்தினார். ஒரே ரிங்கில் எடுத்தாள் ஓர் அம்மாள்.

"தொட்டியில கப்பல் ஒரு பக்கம் கனமா நிக்குதும்மா."

"அப்ப... அந்தப் பக்கமும் கனமா ஒண்ணு வைங்களேன்."

பெட்டியிலிருந்த கோட்டை பொம்மையை எடுத்து வைத்தார். தொட்டி சமமானது. மீனுக்குத்தான் திரும்ப இடமில்லை.

மறுநாள் கூப்பிட்டார்.

"கோட்டையைத் தூக்கிக் கப்பல் மேல வச்சிடுங்க. மீன் சாப்பிட்டுச்சா? நீங்க சாப்பிட்டீங்களா?"

கடைசிக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கப்பல்மேல் கோட்டை எப்படி நிற்கும் என்று கேட்க மறந்தே போனார். நிற்கவில்லை. சரிந்தது. மறுபடி கூப்பிட்டார்.

"சுத்தி வண்ணக் கல்லைக் கொட்டி முட்டுக் கொடுங்க."

"கழுவணுமாம்மா?"

"தண்ணிக்குள்ளதானே போடறீங்க? அதுவே கழுவிக்கும்."

ஐந்தே நிமிடத்தில் தொட்டி சுண்ணாம்புத் தண்ணீரானது. மீனைக் காணோம்.

பதறிப்போய்த் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். கோட்டைக்கு அடியிலிருந்து மீனை அள்ளி, பிடித்துவைத்திருந்த தண்ணீர் வாளியில் விட்டார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. "போயிடாதடா" என்றார் அவர்.

வாளியில் கப்பலுமில்லை, கோட்டையுமில்லை. மீன் மெல்ல அசைந்து, முதல்முறையாக ஒரு முழு வட்டம் அடித்தது.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்குக் கேட்க ஒரு சந்தேகமும் மிச்சமில்லையே! போனை எடுத்தார்.

"மீன் பிழைச்சிடுச்சும்மா. நேர்ல வந்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன். கடை எங்க இருக்கு?"



"கடையெல்லாம் இல்லீங்க, இது ராங் நம்பர்... ரொம்ப நாள் கழிச்சு எங்க வீட்டு போன் அடிச்சுதா, வைக்க மனசு வரல."