மினரல் மாமாவின் நூற்றைம்பது

தண்ணீரைக் குடிப்பவர்கள் ஓர் இனம். தண்ணீரை விசாரிப்பவர்கள் வேறோர் இனம். இரண்டாவது இனத்தார் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அடுக்குமாடிக்கு ஒருவராவது கட்டாயம் இருப்பார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவைக் கட்டி மேய்க்கும் இவர் அப்படி ஒருவர். இவர் குடியிருக்கும் அடுக்குமாடிப் பிள்ளைகள் இவரை ‘மினரல் மாமா’ என்று அழைக்கிறார்கள். அதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த மனுஷருக்கு நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறீர்கள். மற்றவர் என்றால் குடிப்பார். இவரோ சட்டைப்பையிலிருந்து, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து, மூடியைக் கழற்றி, துடைத்து, டம்ளருக்குள் விட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணைப் படிப்பார். அதுவரை நீங்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல நிற்பீர்கள். முப்பதா? “இது தண்ணியே இல்லைங்க, வெறும் ஈரம். இதைக் குடிச்சா எலும்புல இருக்கிற சத்தையும் உருவிக்கிட்டுப் போயிடும்” என்பார். நானூறா? பேச்சே கிடையாது, டம்ளர் உங்கள் பக்கமே திரும்பி வரும். உலகத்திலேயே சரியான எண் நூற்றைம்பது. அது அவர் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும். கரைந்திருப்பது உப்பா சுண்ணாம்பா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அந்த நூற்றைம்பது கிடைக்கும் அழகைக் கேளுங்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய சுத்திகரிப்பு மெஷின், குழாய்த் தண்ணீரில் இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிகிறது. ஐயோ, தாதுவும் போய்விட்டதே என்று மாமாவுக்கு நெஞ்சு பதறுகிறது. ஆகவே அதே குழாய்த் தண்ணீரை மூன்று பங்குக்கு ஒரு பங்காகத் திரும்பக் கலக்க வேண்டும். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டிக்கொள்வதும் இதுவும் ஒன்றுதான்; யார் போய்ச் சொல்வது? கலக்குவது மாமா இல்லை, அவர் மனைவி. தினமும் காலையில் அளந்து, ஊற்றி, மீட்டர் விட்டு, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, குடத்தை நிரப்பிவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைக்க முடியும்.

கொஞ்ச நாளாக அவளுக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. மாமா சும்மா இருப்பாரா? தண்ணீரில் தாது பற்றவில்லை என்று ஒரே நாளில் கண்டுபிடித்து, எண்ணை இருநூறுக்கு உயர்த்தி, சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர் என்று உத்தரவும் போட்டார். அவளும் குடித்தாள். வயிறு தண்ணீரால் நிரம்பி, சாப்பாடு பாதியானது. ஒருநாள் குடத்தைத் தூக்கியவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருக்கிறது என்றார். மாமா முந்திக்கொண்டு தம் நீர் நிர்வாகத்தை ஆதியோடந்தமாக விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சுத்திகரித்த தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், அது எலும்பை உருவாது, தாதுவில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து குடல் வழியாகத்தான் உடம்பில் சேருகிறது, குழாய்த் தண்ணீரைக் கலந்து கிருமியை விருந்துக்குக் கூப்பிட வேண்டாம் என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க?”

“அவ நல்லா சாப்பிடுவா டாக்டர்,” என்றார் மாமா.

“நான் அவங்களைத்தான் கேட்டேன்.”

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “எல்லாருக்கும் போட்டு முடிச்சப்புறம் இருக்கிறதைச் சாப்பிடுவேன். குழம்பு இருந்தா ஊத்திப்பேன். கீரை, முட்டையெல்லாம் பெரும்பாலும் மிஞ்சாது.”

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மாமாவுக்கு இது புதுச் செய்தி. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. லிஃப்ட் வரும்வரை.

மறுநாளே பாடம் மாறிவிட்டது. கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒழுங்காகச் சேர எலுமிச்சை பிழிய வேண்டும், சாப்பாட்டோடு டீ குடித்தால் சேருவது குறைந்துபோகும் என்று படிக்கட்டில் சிக்குகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பேசுகிறார். பதார்த்தங்களை நிறுத்துப் பார்க்கச் சின்னத் தராசு ஒன்றும் வாங்கியாயிற்று. தினம் அதில் முதலில் ஏறுவது அவருடைய கீரைதான். இரும்புச்சத்து எல்லாருக்கும் வேண்டியதுதானே? முன்னெச்சரிக்கையாக அவர் இரண்டு பங்கு எடுத்துக்கொள்கிறார். மனைவி பரிமாறிவிட்டுச் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கென்று முழுசாகக் கிடைப்பது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும்தான்.

சிரிக்கிறீர்களா? உங்களிடம் மீட்டர் இல்லை, தராசும் இல்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. நேற்று உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அவர் தட்டில் என்ன இருந்தது? யாரையும் கேட்காமல் சொல்லுங்கள், பார்க்கலாம்.