ஆதாயமில்லாத ஓட்டு

ஒரு காட்டில் கபடி ஆடுவது குரங்குகள். ஜெயிப்பதும் தோற்பதும் மற்ற விலங்குகள். அதாவது, ஒவ்வொரு விலங்கும் தனக்குப் பிடித்த குரங்குகளைப் பொறுக்கி, போனில் ஒரு கற்பனை அணி வைத்திருக்கும். களத்தில் அந்தக் குரங்குகள் எடுக்கிற புள்ளியெல்லாம், மரத்தடியில் படுத்திருக்கும் இவற்றின் கணக்கில் சேரும். உடம்பு நோகாத வீரம்.

இந்த லீக்கில் கடைசி இடத்துக்கு வருவதற்கு மட்டும் உடம்பு நோகும். கோடை முழுக்கக் குளக்கரையில் யானை போடும் லத்தியை அள்ள வேண்டும். போன இரண்டு வருடமும் அள்ளியது வேலாயுதம் என்கிற முள்ளம்பன்றி. முதுகு முள்ளாலேயே குத்திக் குத்தி எடுத்து, கரையைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். நாற்றம்தான் ஐப்பசி மழை வரை போகாது. மனைவி வளைக்குள்ளேயே விடமாட்டாள், பாவம்.

இந்த வருடமும் இதுவரை வேலாயுதம்தான் கடைசி. அதனிடம் ரெய்டு போகும் குரங்குகள் நிறைய. மடக்கிப் பிடிக்க ஒன்றுகூட இல்லை. கரடியிடம் நேர்மாறு. இரண்டும் பேசி, ஆளுக்கொரு குரங்கை மாற்றிக்கொள்ள முடிவு செய்தன. ஆனால் மாற்றம் நியாயமா என்று மற்றவை ஓட்டுப் போட வேண்டும் என்பது லீக் விதி.

"அநியாயம்!" என்றது முதலிடத்தில் இருந்த நரி. கரடி தன்னைத் தாண்டிவிடுமே என்ற கவலை அதற்கு.

"அக்கிரமம்!" என்றது முயல். வேலாயுதம் மேலே போனால் அடுத்த கடைசி அதுதான்.

கரடி தருவதாகச் சொன்ன குரங்கை முன்பே கேட்டுக் கிடைக்காத காட்டுப்பன்றியும் எதிர்த்துக் காலைத் தூக்கியது. மாற்றம் ரத்து.

"லீக்கோட நல்லதுக்குத்தான் சொல்றோம், தப்பா எடுத்துக்காதே வேலாயுதம்" என்றது நரி.

வேலாயுதத்துக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. "ஆதாயம் இருக்கிறவங்க யாரும் ஓட்டுப் போடக் கூடாதுன்னு விதியை மாத்துங்கய்யா!"

எதிர்ப்பே இல்லாமல் விதி நிறைவேறியது. ஒவ்வொன்றும் அது பக்கத்து ஆளுக்கான விதி என்று நினைத்துக்கொண்டது. பிறகு பார்த்தால், ஓட்டுப் போட ஆளே இல்லை.

"லீக்குலயே இல்லாத பெரிய மனுஷர் ஒருத்தர் இருக்காரே!" என்று வேலாயுதமே ஓடிப்போய் யானையைக் கூட்டி வந்தது. யானைக்குக் கபடி தெரியாது, போனும் கிடையாது. இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

யானை நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"இந்த மாத்தம் நடந்தா நீ கடைசியா வரமாட்டியா தம்பி?"

"வரவே மாட்டேங்கய்யா!" என்றது வேலாயுதம், சந்தோஷம் தாங்காமல்.

"அப்போ யாரு வருவா?"

முயல் தலையைக் குனிந்தது. யானை அதன் பஞ்சுக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. போன கோடையில் பளபளத்த கரையை நினைத்துக்கொண்டது.

"மாத்தம் செல்லாது" என்றது. "லீக்கோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆதாயம் பார்க்காத தீர்ப்பு என்று எல்லாம் ஆரவாரம் செய்தன. வேலாயுதம் மட்டும் வளைக்கு வெளியே படுக்க இடம் பார்க்கப் போனது.

நீதி: நடுநிலையான தீர்ப்பு வேண்டுவோர், லத்தியை அரைகுறையாக அள்ளக் கடவர்.