கெர்னலுக்குள் ஒரு திறந்த இல்ல உபசரிப்பு

கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்குள் விருந்தோம்பலைப் புகுத்திய பெருமை, அகில உலகிலும் தெப்ராவ் தொழிற்பேட்டையிலுள்ள எங்கள் நிறுவனத்தையே சேரும். அங்கே அறிக்கை எழுதும் அதிகாரி நான். ஆகவே இதில் ஐயமில்லை.

இணைய வழியில் பொட்டலம் பொட்டலமாக வரும் தரவை வாங்கி வைக்கும் கெர்னல் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அது நினைவகத்தில் 'பஃபர்' என்ற இடத்தை ஒதுக்க வேண்டும். இடம் இல்லையா, பொட்டலத்தைத் தள்ளிவிடும். அனுப்பியவர் மறுபடி அனுப்பிக்கொள்வார். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான். எங்கள் இயக்குநர் ஹேமநாதனுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை.

"எங்க வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ்ல தட்டு தீந்துபோச்சுன்னு யாரையாச்சும் திருப்பி அனுப்பியிருக்கோமா? தட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும் லா!"

டிரைவரை எழுதிய லோஷினி ஒப்பந்த ஊழியர். வெள்ளோட்டம் வென்றால் வேலை நிரந்தரம், தோற்றால் வீடு.

"சார், வாசல்ல வரவேற்கிற ஆளுதான் உள்ள போயி தட்டும் கழுவணும். அவரையே தட்டுக்காக நிக்க வச்சா யாரு கழுவுறது?"

"மரியாதைதான்மா முக்கியம்."

மேசையிலிருந்த கறிபாப் பலகாரம் தீரும்வரை கூடி விவாதித்து, 'உபசரிப்புக் கொள்கை'யை ஏகமனதாக நிறைவேற்றினோம். லோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு நிரலை மாற்றினார்.

வெள்ளோட்டத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். பொட்டலங்களும் வந்தன. பஃபர் தீர்ந்தது. டிரைவர் பணிவோடு காத்து நின்றது. அதோடு கணினி நின்றது. அதை நம்பியிருந்த ஏர்கோன் குளிரூட்டி நின்றது, மின்கதவும் பூட்டியபடியே நின்றது.

"பாத்தீங்களா, தொலைஞ்ச பொட்டலம் ஜீரோ!" என்றார் ஹேமநாதன், வியர்வையைத் துடைத்தபடி.

"போய்ச் சேந்தது எத்தன?" என்று கேட்டார் வாடிக்கையாளர் ஐலீன்.

"அதுவும் ஜீரோதான். ஆனா யாரையும் திருப்பி அனுப்பல!"

"அலமாக்! எங்களையாச்சும் அனுப்புங்க லா!"

லோஷினி ஓடிப்போய்க் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். மின்சாரம் போனதும் பூட்டு விட்டுக் கதவு திறந்தது. விருந்தினர் ஓட்டம் பிடித்தார்கள், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தோடு.

விசாரணைக் கூட்டத்தில் குற்றம் தெள்ளத் தெளிவானது: பந்தி நடக்கும்போது விளக்கை அணைத்தவர் லோஷினி. மறுநாளே அவரை நீக்கினோம். வெறுங்கையோடு விடவில்லை; முறையாக ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தோம்.

வாசலில் அவர் கண் கலங்கி நின்றார். "நான் முதல்ல எழுதினதுல இந்தக் கோளாறே இல்ல அண்ணே. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா" என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து அறிக்கையை முடித்தேன்: 'எங்கள் வாசலிலிருந்து இதுவரை யாரும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை.'