உடல் எங்களுது, கரை உங்களுது

காதுகுத்து, கல்யாணம், பிரசவ ஆஸ்பத்திரி வராந்தா ஆகிய இடங்களில் சாடைக்காரர் என்றொரு இனம் நடமாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறந்த குழந்தையை நாமெல்லாம் குழந்தையாகப் பார்ப்போம். அவர் பாகப்பிரிவினைக்கு வந்த சொத்தாகப் பார்ப்பார். மூக்கு யாருடையது, மோவாய் எந்தத் தாத்தாவுடையது, அந்த அழுகை எந்த அத்தையுடையது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை பெற்றவளுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்காது. தீர்ப்பு எப்படி இருக்கும் என்கிறீர்களா? நல்லதெல்லாம் அவர் பக்கம். மிச்சம் சம்பந்தி பக்கம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பஞ்சாட்சரம் இந்த இனத்தில் முதல் தரம். பட்டு நெசவுக்காரர். மருமகள் நீலாம்பாளுக்குப் பிள்ளை பிறந்து, நர்ஸ் மேரி அதைத் துணியில் சுற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்தாளோ இல்லையோ, புதுப் புடவையைப் பார்ப்பதுபோல் மனிதர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உடல் எங்க வூட்டுது. முந்தியும் எங்களுது. கரை வேணா உங்களுது, சம்பந்தி," என்றார் பெண்ணின் அப்பா கலியாணசுந்தரத்திடம்.

"கொழந்தைக்கு ஏதுங்க கரை?"

"காது இல்லியா? மடங்கிக்கினு இருக்குது பாருங்க. அது உங்களுதுதான்."

கலியாணசுந்தரம் பாவம், தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் டாக்டர் வடிவாம்பாள் வேகமாக வெளியே வந்தார். நஞ்சுக்கொடி விழவில்லை, உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரத்தம் நிற்காமல் போகிறது என்றார். எல்லோரும் கதவருகே ஓடினார்கள். பஞ்சாட்சரத்துக்கு மட்டும் அப்போதும் வாய் சும்மா இருந்ததா?

"அவங்க வூட்டுல எதுதான் லேசுல வந்துச்சு? சீர்வரிசையையே இழுத்துக்கினு கெடந்தாங்க. கொடி மட்டும் வந்துடுமா?"

டாக்டருக்கு வந்ததே கோபம்! "நஞ்சுக்கொடி அம்மாவோடது இல்ல, பெரியவரே. கொழந்தையோடது. அதை வளர்க்கிற ஜீன்ல பாதி உங்க புள்ள உமாபதி குடுத்தது. முட்டை போட்டுக்கினு இருந்த பிராணிங்க குட்டி போட ஆரம்பிச்ச காலத்துலேருந்து, கோடிக்கணக்கான வருஷமா, கொஞ்சங்கொஞ்சமா சேர்ந்து வந்த ஏற்பாடு அது."

"ஜீன்னா இன்னாம்மா?"

"வம்சத்துல வர்றது."

"அப்படிச் சொல்லும்மா! எங்க வம்சம் புடிச்சா உடுமா?"

ஒரே நொடியில் நஞ்சுக்கொடி கட்சி மாறிவிட்டது. கோடி வருஷத்துப் பிராணிகளும் பஞ்சாட்சரத்தின் பங்காளிகளாகிவிட்டன.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கொடியைக் கையால்தான் எடுக்க வேண்டும், உடனே ரத்தம் வேண்டும் என்றார். கலியாணசுந்தரம் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார், அவர் ரத்தம் சேரவில்லை. உமாபதியுடையதும் சேரவில்லை. சேர்ந்தது யாருடையது? பஞ்சாட்சரத்துடையது.

"அது எப்பிடிம்மா? அவங்க வேற, நாங்க வேற!"

"ரத்தத்துக்கு சம்பந்தியெல்லாம் தெரியாது. வந்து படுங்க."

முனகிக்கொண்டே உள்ளே போனவர் நீலாம்பாளின் முகத்தைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எவ்ளோ வேணா எடுத்துக்கோம்மா. பொண்ணு பொழைச்சா போதும்," என்று கையை நீட்டினார். நீலாம்பாள் பிழைத்துக்கொண்டாள்.

மனிதர் திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காலையில் வராந்தாவே அதிர்ந்தது. "மருமவ உடம்புல ஓடுறதே எங்க ரத்தம், சம்பந்தி! இனிமே அவ பெத்துக்கறது அத்தினியும் முழுக்க எங்களுது. உங்களுக்கு ஒண்ணும் கெடையாது!"

கலியாணசுந்தரம் சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தன. "மொத்தமும் எடுத்துக்குங்க, சம்பந்தி. எம்பொண்ணு கண்ணைத் தொறந்துட்டா, எனக்கு வேற இன்னா வேணும்?"

சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது, 'அட, எங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லையப்பா, இந்தப் புத்தியெல்லாம் சம்பந்தி வீட்டு ஆட்களுக்குத்தான்' என்று ஒரு தடவையாவது நினைத்தீர்களா? நினைத்தீர்கள் அல்லவா? வாருங்கள், பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.