கட்டைவிரல் கறை

அச்சுக்கல்லிலிருந்து முதல் தாளை உரித்தெடுத்த பொம்ரேயின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. படத்தின் இடது மேல்மூலையில், மூடுபனிக்கு நடுவே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை.

காரணம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எந்தக் காரணமும் அவருக்கு உடனே விளங்கிவிடும். மதியம் வாத்துக் கொழுப்பு தடவிய ரொட்டி சாப்பிட்டார். அந்தக் கையோடு கல்லைத் தொட்டிருக்கிறார். கல்லச்சில் பிசுக்குப் பட்ட இடமெல்லாம் மை ஏறிக்கொள்ளும்.

"மேஸ்திரி, நீங்க சோப்பு போட்டுக் கை கழுவினதை நான் பார்த்தேன்," என்றாள் தாள் நனைக்கும் பிலோமேன். "அதோட, கறைக்குக் கீழ ரெண்டு வால் வேற தொங்குது."

"கொழுப்பு வழிஞ்சா அப்படித்தான் இருக்கும். நீ தாளை நனை."

பாரிஸின் அந்த அச்சுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லோடு மல்லுக்கட்டுபவர் பொம்ரே. ஆனால் படங்களின் அடியில் முதலாளியின் பெயர்தான் இருக்கும். ஓவியர் லோர்மெல் கல்லில் வரைந்து கொடுத்த இந்த ஒரு படத்தின் அச்சுக்கு அவர் சம்மதம் சொல்லிவிட்டால், 'அச்சிட்டவர் பொம்ரே' என்று போட்டுக்கொள்ளலாம் என முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சம்மதம் கிடைக்காமல் போகலாம் என்ற எண்ணமே பொம்ரேக்கு வரவில்லை. காலையிலேயே கல்லின் கீழ்மூலையில் தன் பெயரைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி, மணிமணியாக எழுதி முடித்துவிட்டார்.

படத்துக்குப் பெயர் 'தனியாள்'. ஈ காக்கை இல்லாத கடற்கரை, பனி, நட்டநடுவில் தொப்பியோடு விறைப்பாக ஓர் ஒல்லி மனிதன். நான்கு மணிக்கு லோர்மெல் வந்துவிடுவார். அதற்குள் கறை போயாக வேண்டும்.

தாளில் இடது என்றால் கல்லில் வலது. அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினார். கல்லில் சுரண்டினால் சுரண்டியதுதான், திரும்ப வராது. கறை சுத்தமாகப் போனது. அடுத்த தாளில் அந்த இடம் பல் விழுந்த வாய்போல வெள்ளையாக இளித்தது.

கல்லில் வரையும் பிசுக்குக் கரிக்கோலை எடுத்துப் பனியை நிரப்பினார். கை கொஞ்சம் அழுந்திவிட்டது. வானத்திலிருந்து பன்றித்தொடை தொங்குகிறது என்று பிலோமேன் சொன்னாள். அது மேகம் என்று பொம்ரே அடித்துச் சொன்னார். ஒற்றை மேகம் பன்றித்தொடையாகத் தெரிகிறதே என்று, துணைக்கு இன்னும் நான்கு போட்டார். இத்தனை மேகம் திரண்டபின் மழை பெய்யாமல் எப்படி? பெய்தது. மழை கொட்டும்போது கடல் கைகட்டி நிற்குமா? அலைகள் எழும்பின.

பிலோமேன் கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கொட்டுற மழையிலயும் இந்த மனுஷன் அசையாம நிக்கிறாரே!"

"அவன்தான் தனியாள். என்னை மாதிரி உறுதியான ஆள்."

நான்கு மணிக்கு லோர்மெல் வரவில்லை. காய்ச்சலாம். கடிதம் கொடுத்து கொரான்தன் என்ற படகோட்டியை அனுப்பியிருந்தார். முதலாளி அதைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: படத்துக்காகக் கடற்கரையில் நான்கு நாள் நின்றவர் இவர்தான், இவர் சரி என்றால் எனக்கும் சரி.

பொம்ரேக்கு உள்ளூரச் சந்தோஷம். ஓவியனுக்குத்தான் கோடு கோடாகக் கணக்குச் சொல்ல வேண்டும். படகோட்டிக்கு என்ன தெரியும்? தாளை அவர் முன்னால் விரித்துவைத்து, தன் பெயர் இருக்கும் மூலையை மட்டும் லேசாக நீவிவிட்டார்.

கொரான்தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அலையைப் பாராட்டினார். அன்றைக்கு மழை இல்லை, ஆனாலும் படத்தில் பெய்வது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகச் சொன்னார். முதலாளி பொம்ரேயின் தோளில் தட்டிக்கொடுத்தார். பொம்ரே பிலோமேனை ஒரு பார்வை பார்த்தார்.

கொரான்தன் மட்டும் இன்னும் தாளை விட்டு நகரவில்லை. நடுவில் விறைப்பாக நின்ற தனியாளின் மேல் விரலை வைத்தார்.

"நான் படகு கட்டுற கம்பமும், அதுமேல கவுத்து வெச்ச வாளியும் அச்சு அசலா வந்திருக்கு மேஸ்திரி, அந்த மூலையில தூரமா, கட்டைவிரல் அளவுக்கு நாலு நாள் நின்னேனே, என்னைத்தான் காணோம்."